வீட்டுக் கருவியும் ஊர்க் குழாயும்



‘தாயைப் பழித்தாலும் தண்ணீரைப் பழிக்காதே’ என்பது நம்மவரிடையே வழங்கும் பழமொழி. பருகும் நீரைக் குறை கூறுதல் பெற்ற தாயைக் குறை கூறுவதினும் கொடிது என்று நம் முன்னோர் கருதினர். இக்காலத்திலோ, தண்ணீரைப் பழிப்பதே ஒரு பெருவாணிகத்தின் முதலாக அமைந்துவிட்டது. “உங்கள் வீட்டுக் குழாயில் வருவது குடிக்கத்தக்க நீரன்று, இக்கருவியை வாங்குங்கள், கவலை தீரும்” என்னும் குரலைத் தொலைக்காட்சியிலும் கேட்கிறோம், வாயிற்படியிலும் கேட்கிறோம். வீட்டு நீர் சுத்திகரிப்புக் கருவிகளின் வாணிகம் எவ்வாறு எழுந்தது, அக்கருவிகள் செய்யும் பணி யாது, அவற்றால் செய்ய இயலாத பணி யாது என்பன பற்றியே இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன்.

வாணிகர் கூறும் பழி முற்றிலும் பொய்ப்பழி என்று தள்ளிவிடவும் இயலாது. 2022ஆம் ஆண்டு ஜூலை மாதத் தொடக்கத்தில் நம் காரைக்காலில் நிகழ்ந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். வாந்தியும் பேதியுமாக மக்கள் நூற்றுக்கணக்கில் மருத்துவமனையை நாடினர். சிலருக்குக் காலரா என்று ஆய்வில் உறுதியாயிற்று. புதுச்சேரி அரசு காரைக்காலில் பொது சுகாதார அவசர நிலையை அறிவித்தது. பள்ளிகளும் கல்லூரிகளும் மூன்று நாள் மூடப்பட்டன. காய்ச்சி ஆறவைத்த நீரையே பருகுமாறு மக்களுக்கு அறிவுறுத்தினர். குடிநீர்க் குழாய்களில் கழிவுநீர் கலந்திருக்கலாம் என்னும் ஐயமும் எழுந்தது. இலண்டன் மாநகரில் ஜான் ஸ்னோ என்னும் மருத்துவர் காலராவுக்கும் ஒரு தெருவின் நீரிறைக்கும் பம்புக்கும் உள்ள தொடர்பை எடுத்துக்காட்டியது 1854ஆம் ஆண்டில். ஏறத்தாழ நூற்றெழுபது ஆண்டுகளுக்குப் பின்னும் அந்நோய் நம் வாயிலுக்கு வந்து நின்றது. ஆதலின், அஞ்சியவர் கருவி வாங்கியதில் வியப்பில்லை. ஆயினும், அச்சத்தால் வாங்கும் பொருளை ஆராய்ந்து வாங்குவோர் சிலரே.

ஆராய்வதற்கு முதலில் ஓர் உண்மையை மனத்திற் கொள்ள வேண்டும். நீரில் உள்ள குற்றம் ஒன்றன்று. கலங்கல் ஒரு குற்றம். அது கண்ணுக்குத் தெரியும். உப்பு மற்றொரு குற்றம். அது நாவுக்குத் தெரியும். நோய்க்கிருமி மூன்றாவது குற்றம். அது கண்ணுக்கும் தெரியாது, நாவுக்கும் தெரியாது. இம்மூன்றினும் கொடியது, புலன்களுக்கு எட்டாத அந்த மூன்றாவதே. ஒவ்வொரு குற்றத்திற்கும் மருந்து வேறு. தலைவலிக்குரிய மருந்தைக் காலிற் பட்ட புண்ணுக்கு இடுவார் இல்லை. தண்ணீர் விஷயத்தில் மட்டும் அத்தகைய செயலை நாம் நாள்தோறும் செய்துவருகிறோம்.

கலங்கலை நீக்கும் வழி நம் பாட்டிமார் அறிந்ததே. பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையைத் தேய்த்து நீரை ஊற்றி வைப்பர். மண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி அடியிற் படிந்துவிடும். நீர் தெளியும், ஆயின் கிருமி முற்றும் அழியாது. பிரெஞ்சு நாட்டில், லூயி பாஸ்தரின் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த சாம்பர்லான் என்பவர் 1884ஆம் ஆண்டில் மெருகிடாத பீங்கானால் ஒரு வடிகட்டியை அமைத்தார். அதன் நுண்துளைகளில் பாக்டீரியாக்கள் சிக்கிக்கொண்டன. பிற்காலத்தில் நம் வீடுகளில் இடம்பெற்ற ‘கேண்டில்’ வடிகட்டியும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. ஆனால் அந்தப் பீங்கானையும் கடந்து செல்லும் நோய்ப்பொருள் உண்டு என்பதை 1892இல் இவனோவ்ஸ்கி என்னும் ரஷ்ய அறிஞர் கண்டார். வைரஸ் பற்றிய அறிவு அங்கிருந்தே தொடங்கிற்று. எந்த வடிகட்டிக்கும் ஓர் எல்லை உண்டு என்பது இவ்வரலாறு நமக்குக் கற்பிக்கும் பாடம்.

கிருமியைக் கொல்லப் புற ஊதாக் கதிர் பயன்படுகிறது. அக்கதிர் கிருமியின் மரபுப்பொருளைச் சிதைத்து, அது பெருகாதபடி செய்துவிடும். ஆயினும் நீர் கலங்கலாயிருந்தால், துகள்களின் மறைவில் கிருமி தப்பிவிடும். கதிர் பட்ட நீரை அழுக்குக் குடத்தில் ஊற்றினால், மீண்டும் கிருமி சேர்வதைத் தடுக்க அந்நீரிடம் யாதொரு காவலும் இல்லை. உப்பை நீக்குவதோ கதிரால் ஆகாத காரியம்.

உப்பை நீக்குவது எதிர்ச் சவ்வூடு பரவல் என்னும் முறை. மக்கள் இதனை ‘ஆர்.ஓ.’ என்று வழங்குகின்றனர். நீரை அழுத்தத்துடன் ஒரு மெல்லிய சவ்வின் வழியே செலுத்தினால், நீர் கடந்துவிடும். உப்பின் பெரும்பகுதி பின்தங்கும். 1950களின் இறுதியில் அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் லோப் என்பவரும், இந்தியாவிற் பிறந்த சீனிவாச சௌரிராஜன் என்பவரும் சேர்ந்து, பயன்பாட்டுக்கு உகந்த சவ்வை உருவாக்கினர். சௌரிராஜன் என்பது நமக்கு அண்மையிலுள்ள திருக்கண்ணபுரத்துப் பெருமாளின் திருப்பெயர் என்பதை நினைக்கும்போது, இவ்வறிவியல் நமக்கு அந்நியமன்று என்ற எண்ணம் தோன்றுகிறது. 1965இல் கலிபோர்னியாவின் கோலிங்கா என்னும் ஊரில் இம்முறையால் உவர்நீரைக் குடிநீராக்கி ஊருக்கு வழங்கினர். ஊருக்கென்று தொடங்கிய அக்கலையே இன்று அடுக்களைச் சுவரில் ஒரு பெட்டியாகத் தொங்குகிறது.

இனி, வாணிகத்தின் வரலாற்றுக்கு வருவோம். இந்தியாவின் போர்ப்ஸ் குழுமமும் ஸ்வீடன் நாட்டு எலக்ட்ரோலக்ஸ் நிறுவனமும் கூடி 1982இல் யுரேகா போர்ப்ஸ் என்னும் நிறுவனத்தை ஏற்படுத்தின. அது 1984இல் ‘அக்வாகார்டு’ என்னும் புற ஊதாக் கருவியை வெளியிட்டது. கடையில் வைத்து விற்பதைவிட, வீடுவீடாகச் சென்று விளக்கிக் காட்டி விற்கும் முறையை அது பெரிதும் கையாண்டது. 1999இல் தோன்றிய கென்ட் நிறுவனம் ஆர்.ஓ. கருவியை நடுத்தரக் குடும்பங்களிடையே பரப்பியது. இவற்றுக்கெல்லாம் மின்சாரமும் ஓடும் குழாயும் வேண்டும். அவை இல்லாத இல்லங்களை நோக்கி, இந்துஸ்தான் லீவர் நிறுவனம் 2004ஆம் ஆண்டில் ‘பியூர்இட்’ என்னும் கருவியைச் சென்னையிலே முதன்முதல் விற்றது. பின்னர் 2024இல் அந்நிறுவனம் இவ்வாணிகத்தையே ஏ.ஓ.ஸ்மித் என்னும் அமெரிக்க நிறுவனத்திற்கு விற்றுவிட்டது.

நம் கடற்கரையோடு தொடர்புடைய கருவி ஒன்றும் உண்டு. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி முதலிய ஊர்களைத் தாக்கியதை நம்மில் மூத்தோர் கண்ணாரக் கண்டோம். இக்கடற்கரை நெடுகிலும் கிணறுகளிற் கடல்நீர் புகுந்தது. சுற்றிலும் நீர் இருந்தும் குடிக்க நீரில்லை. அந்நாட்களில் தமிழகக் கடற்கரையில் நிவாரணப் பணிக்கெனப் பயன்படுத்தப்பட்ட பொருள்களுள், புனே நகரில் டாட்டா ஆய்வு மையம் அமைத்த ‘சுஜல்’ என்னும் எளிய வடிகட்டியும் ஒன்று. அது நெல் உமியின் சாம்பலால் இயங்குவது. நம் வயல்களிலும் அரவை ஆலைகளிலும் குவியும் அதே உமிதான். இச்சாம்பலோடு நுண்ணிய வெள்ளித் துகளைச் சேர்த்து, 2009 டிசம்பரில் ‘டாட்டா ஸ்வச்’ என்னும் கருவியை வெளியிட்டனர். அப்போது அதன் விலை 749 ரூபாயிலிருந்து தொடங்கிற்று. மாற்றும் வடிகட்டியின் விலை 299 ரூபாய். அது 3,000 லிட்டர் நீரைச் சுத்திகரிக்கும் என்றனர்.

மாணவர்களே, இங்கே ஒரு சிறு கணக்குப் போடுவோம். 299 ரூபாயை 3,000 லிட்டருக்குப் பங்கிட்டால், லிட்டருக்குப் பத்துக் காசு ஆகிறது. ஐவர் உள்ள குடும்பம் நாளொன்றுக்குப் பத்து லிட்டர் குடித்தால், அவ்வடிகட்டி 300 நாள் வரும். நீரைக் காய்ச்சிக் குடிப்பதற்கு ஆகும் செலவு என்ன? ஒரு லிட்டர் நீரைக் கொதிக்க வைக்கச் சுமார் பத்துக் கிராம் எரிவாயு வேண்டும். பத்து லிட்டருக்கு நாள்தோறும் நூறு கிராம். மாதத்திற்கு மூன்று கிலோ. 14.2 கிலோ எடையுள்ள உருளையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குடிநீருக்கே போய்விடும். ஆக, எளிய கருவி ஏழைக்குச் சிக்கனமே என்று கணக்கு காட்டுகிறது.

எனினும் ஏழையின் வீட்டுக் கணக்கு லிட்டரில் நடப்பதில்லை, நாட்கூலியில் நடப்பது. பத்துக் காசாக நாள்தோறும் கொடுக்க இயன்றவரால் 299 ரூபாயை ஒரே நாளில் எடுத்துவைக்க இயலாமற் போகலாம். கருவியை ஒருமுறை வாங்கிவிட்டால் செலவு தீர்ந்தது என்பதும் இல்லை. வடிகட்டி, சவ்வு, விளக்கு ஆகியவற்றைக் காலந்தோறும் மாற்ற வேண்டும். ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்திற்குப் பணம் கட்ட வேண்டும். காலங்கடந்த வடிகட்டி காவற்காரன் உறங்கும் வீட்டை ஒக்கும். வீட்டார் காவல் உண்டென்று நம்பிக் கதவைத் திறந்து வைத்திருப்பர்.

இது நிற்க. இக்கருவிகளை விற்கும் முறை பற்றியும் சிறிது கூறவேண்டும். துணியை வாங்குவோர் தொட்டுப் பார்ப்பர். கத்தரிக்காயை வாங்குவோர் காம்பைப் பார்ப்பர். தூய்மையைப் பார்த்து வாங்குவது எப்படி? கருவியிலிருந்து வரும் நீரும், புகும் நீரும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். வாங்குவோர் அறியமுடியாத ஒன்றை விற்போர் சொல்ல, அதனை நம்பி நடப்பது இவ்வாணிகம். ஆதலின் விற்போர் சிலர் கண்ணுக்குத் தெரியும் வேடிக்கை ஒன்றைத் தேடிக்கொண்டனர்.

எங்கள் தெருவில் ஒரு வீட்டுக் கூடத்தில் அவ்வேடிக்கை நடந்தபோது நானும் அங்கிருந்தேன். விற்பனைக்கு வந்த இளைஞர் இரண்டு கண்ணாடிக் குவளைகளை வைத்தார். ஒன்றிற் குழாய் நீர். மற்றொன்றில் அவருடைய கருவியின் நீர். உலோகத் தண்டுகள் பொருத்திய சிறு மின்கருவியை இரண்டிலும் இறக்கி மின்சாரத்தைச் செலுத்தினார். சிறிது நேரத்திற் குழாய் நீர் பழுப்பேறி, நுரைத்து, சேறுபோல் ஆயிற்று. கருவி நீர் தெளிவாகவே இருந்தது. வீட்டு அம்மையார், “ஐயோ, இதையா இத்தனை நாள் குழந்தைக்குக் கொடுத்தோம்!” என்று பதறினார்.

அந்தச் சேறு நீரில் இருந்ததன்று. நீரிற் கரைந்த உப்பு மின்சாரத்தைக் கடத்துகிறது. மின்சாரம் பாயும்போது இரும்புத் தண்டே சிறிது கரைந்து துருவாகிறது. உப்பில்லாத நீரில் மின்சாரம் எளிதிற் பாயாது. ஆகவே துருவும் தோன்றாது. அத்தண்டுகளை இளநீரில் இறக்கினாலும் அழுக்கே வரும். அதனால் இளநீர் நஞ்சென்று எவரும் சொல்லார். பத்தாம் வகுப்பில் மின்னாற்பகுப்பைப் படித்த மாணவர் ஒருவர் அவ்வீட்டில் இருந்திருந்தால், இந்த உண்மையை அங்கேயே எடுத்துரைத்திருக்கலாம். பள்ளியிற் கற்ற பாடம் வீட்டுக் கூடத்திற்கு வராவிட்டால், மதிப்பெண் வாங்கித் தந்ததோடு அதன் பயன் முடிந்துவிடும்.

பேனா போன்ற சிறு கருவியை நீரில் தோய்த்து, “உங்கள் நீரில் இத்தனை எண் காட்டுகிறது” என்று அஞ்சவைப்பதும் உண்டு. அவ்வெண் கரைந்த திண்பொருளின் அளவு. பெரும்பாலும் உப்பின் அளவு. இந்தியத் தர நிர்ணயத்தின்படி லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை அது ஏற்கத்தக்கது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். இங்கே நீங்கள் நன்கு நினைவிற் கொள்ளவேண்டியது ஒன்றுண்டு. அப்பேனா காலராக் கிருமியை அறியாது. 150 என்று குறைந்த எண் காட்டும் நீரிலும் காலரா இருக்கலாம். 900 என்று காட்டும் நீரிற் கிருமியே இல்லாதிருக்கலாம். 2022இல் நம்மைத் தாக்கிய பகையை அந்த எண்ணைக் கொண்டு அளக்க முடியாது.

காரைக்கால் காவிரிப் படுகையின் கடைமடை. அரசலாறும் திருமலைராயன் ஆறும் கடலை அடையும் மண் இது. கடலுக்கு அண்மையில் நிலத்தடி நீரில் உவர்ப்பு ஏறுவது இயல்பே. ஆதலின், ஆர்.ஓ. கருவி உண்மையாகவே வேண்டிய வீடுகள் இங்கே உண்டு. அதற்குத் தேவையில்லாத வீடுகளும் உண்டு. தேவையில்லாத இடத்தில் அதனைப் பொருத்தினால் நீரிலுள்ள சுண்ணம் முதலிய பயனுள்ள சத்துக்கள் குறையும், நீரும் வீணாகும். வீட்டுக் கருவிகள் பல, ஒரு லிட்டர் நல்ல நீர் தருவதற்கு மூன்று லிட்டர் அளவு நீரைக் கழித்துவிடுகின்றன. நாளொன்றுக்குப் பத்து லிட்டர் குடிக்கும் வீட்டில் முப்பது லிட்டர் சாக்கடைக்குப் போகும். காவிரி நடுவர் மன்றம் 2007இல் அளித்த தீர்ப்பில் புதுச்சேரிப் பகுதிக்கெனக் கிடைத்தது 7 டி.எம்.சி. நீர். அளந்து பெற்ற நீரைக் கொண்டு வாழும் கடைமடையில் இவ்வாறு கழிப்பது தகுமா? இக்கவலை நமக்கு மட்டும் உரியதன்று. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019இல், திண்பொருள் 500 மில்லிகிராமுக்குக் குறைந்த நீருள்ள இடங்களில் ஆர்.ஓ. கருவியைத் தடைசெய்ய விதி வகுக்குமாறு மத்திய அரசுக்கு ஆணையிட்டது. பிற இடங்களில் 60 விழுக்காட்டு நீரையேனும் மீட்கவேண்டும் என்றும் கூறியது. கழிவு நீரை வாளியிற் பிடித்துத் தரை துடைக்கவும் பாத்திரம் கழுவவும் பயன்படுத்தலாம். இது இன்றே செய்யக்கூடிய செயல்.

இதுவரை வீட்டைப் பற்றிப் பேசினோம். இனி ஊரைப் பற்றிப் பேசுவோம். 1908ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜெர்ஸி நகரம் தன் ஊர் முழுமைக்குமான குடிநீரில் இடைவிடாது குளோரின் சேர்க்கத் தொடங்கிற்று. பிற நகரங்களும் அதனைப் பின்பற்றின. செல்வர் வீடு, ஏழை வீடு என்னும் வேறுபாடின்றி ஒரே மருந்து எல்லாக் குழாய்களிலும் சென்றது. குளோரினுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. கிருமியைக் கொன்றபின்னும் சிறிதளவு நீரில் எஞ்சிநின்று, வழியிலும் குடத்திலும் காவல் புரியும். குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது எஞ்சியிருத்தல் வேண்டும் என்பது நம் நாட்டுத் தரம்.

மேல்நிலைத் தொட்டியில் மருந்திட்டால் மட்டும் போதாது. நாளில் சில மணி நேரமே நீர் வரும் ஊர்களில், எஞ்சிய நேரம் குழாய் வெறுமையாக இருக்கும். அப்போது குழாயில் வெடிப்பிருந்தால், அருகிலுள்ள சாக்கடை நீர் அதனுள் ஈர்க்கப்படும். ஆகவே குழாயைப் பழுதுபார்த்தலும், சாக்கடையை விலக்கி அமைத்தலும், எஞ்சிய குளோரினை நாள்தோறும் சோதித்தலும் ஆகிய பணிகள் ஓயாது நடக்கவேண்டும். இவை ஒரு வீட்டாரால் ஆகக்கூடியவை அல்ல. நகராட்சியும் கொம்யூன் பஞ்சாயத்துகளும் பொதுப்பணித்துறையும் செய்யவேண்டியவை; குடிமக்கள் கேட்டுப் பெறவேண்டியவை.

என் உள்ளத்தை உறுத்துவது இதுதான். ஊரில் எழுதப் படிக்கத் தெரிந்தவர், அலுவலகத்தில் ஏறி இறங்கத் தெரிந்தவர், மனு எழுதத் தெரிந்தவர் ஆகியோரே பெரும்பாலும் முதலிற் கருவி வாங்குகின்றனர். வாங்கியபின் ஊர்க் குழாயிற் கலங்கல் வந்தால் அவர்களுக்கு அது ஒரு செய்தியாகவே இராது. குழாயை மட்டுமே நம்பியிருப்போருக்காகப் பேசுவார் இல்லாமற் போகிறது. பேசுவார் இல்லாத குழாய் மேலும் பழுதாகும். அது பழுதாகப் பழுதாக, மேலும் பலர் கருவி வாங்குவர். அல்லது இருபது லிட்டர் கேன் தண்ணீரை விலைகொடுத்து வாங்குவர். இறுதியில், கருவிக்கும் கேனுக்கும் வழியில்லாதவர் வீட்டுக் குழந்தையே மருத்துவமனைக் கட்டிலிற் கிடக்கும். அந்நோயும் அவ்வீட்டோடு நிற்பதில்லை. உணவு விடுதியில், பள்ளியில், திருமண வீட்டில் நாம் அனைவரும் ஒரே நீரைத்தான் பருகுகிறோம்.

கருவி வாங்க வேண்டாம் என்று நான் கூறவில்லை. நல்ல நீர் குழாயில் வரும் நாள்வரை வீட்டிற் காவல் வேண்டியதே. நீரைச் சோதித்தறிந்து, அதன் குற்றத்திற்கேற்ற கருவியை வாங்கி, உரிய காலத்தில் வடிகட்டியை மாற்றிப் பயன்படுத்துவோர் அறிவுடையோர். அதனோடு ஊர்க் குழாயைப் பற்றிய கவலையையும் விட்டுவிடாதிருத்தல் வேண்டும்.

மாணவர்கள் செய்யத்தக்க செயல்கள் சில உள. 1982இல் மாஞ்சா முதலிய இந்திய அறிவியலார் எளிய நீர்ச்சோதனை ஒன்றை வெளியிட்டனர். மருந்து தோய்த்த தாள் உள்ள சிறு புட்டியில் நீரை ஊற்றி, ஒன்றிரண்டு நாள் வைத்தால், மலக்கழிவு கலந்த நீர் கறுத்துவிடும். எஞ்சிய குளோரினை நிறத்தால் அறியும் சிறு பெட்டியும் உண்டு. உங்கள் அறிவியல் ஆசிரியரின் துணையோடு இவற்றைக் கொண்டு மாதம் ஒருமுறை பள்ளிக் குழாயையும், தெருக் குழாயையும், வீட்டுக் கருவியின் நீரையுங்கூடச் சோதியுங்கள். நாள், இடம், முடிவு ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். புட்டி கறுத்தால், அதனை எடுத்துக்கொண்டு ஆசிரியரோடு நகராட்சிக்கோ கொம்யூன் பஞ்சாயத்திற்கோ செல்லுங்கள். தேதியிட்ட குறிப்பேட்டைப் புறக்கணிப்பது எந்த அதிகாரிக்கும் எளிதன்று.

கோடையிலும் திருவிழாவிலும் தண்ணீர்ப் பந்தல் வைத்து, வழிப்போக்கர் யாரென்று கேளாமல் நீர் வார்ப்பதை அறமெனக் கொண்ட மண் இது. இன்றைய ஊரில் ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் தண்ணீர்ப் பந்தல், தெருக் குழாயே. அதன் நீரைத் தூயதாய் வைத்திருப்பது அந்த அறத்தின் தொடர்ச்சியாகும். அப்பணியில் உங்கள் அறிவியற் பாடமும் உங்கள் இளமையும் பயன்படுக என்று வாழ்த்தி, என் உரையை முடிக்கிறேன்.